தீகா: ஒரு கடற்கரையூரும் அதன் பெயர்களும்

வங்காள விரிகுடாவின் வடமேற்குக் கரையில், மேற்கு வங்க மாநிலம் ஒடிசாவைத் தொடும் முனையில் அமைந்துள்ள ஊர் தீகா. கொல்கத்தாவிலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 185 கிலோமீட்டர். வங்காள நடுத்தரக் குடும்பங்களில் பிறந்தவர் பலர் முதன்முதலாகக் கடலைக் கண்ட இடம் இதுவே என்பது மிகையாகாது. தங்குவதற்குச் செலவு குறைவு. அலுவலகத்தில் இரண்டு நாள் விடுப்புக் கிடைத்தால் போதும். குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துச் செல்லலாம். இவையே தீகாவின் பெருமைகளாகச் சொல்லப்படுபவை. மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இவ்வூர் வேறொரு காரணத்தால் கவனத்துக்குரியது. இங்கு வந்து போனவர்கள் வைத்த பெயர்கள் வரலாற்றில் நிலைத்துவிட்டன. இங்கேயே வாழ்ந்தவர்களின் பேச்சோ ஒரு மொழியின் பிழையாகவும் மற்றொரு மொழியின் சிதைவாகவுமே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்க இக்கட்டுரை முற்படுகிறது. அண்மையில் குடும்பத்துடன் அங்குச் சென்று சில நாள்கள் தங்கியபோது கேட்டவையும் கண்டவையும் இதற்குத் துணையாயின.

எழுத்துப்பெயர்ப்புப் பற்றி ஒரு சொல். தமிழ் நாளிதழ்கள் இப்பெயரைத் ‘திகா’ என்றும் ‘தீகா’ என்றும் எழுதுகின்றன. வங்காள எழுத்தில் இது நெடில். ஆனால் வங்காள ஒலியமைப்பில் இகர ஈகாரங்களுக்கிடையே பொருள் வேறுபடுத்தும் குறில் நெடில் வேற்றுமை இல்லை. எனவே செவியை நம்பியவர் குறிலாகவும் எழுத்தை நம்பியவர் நெடிலாகவும் எழுதியிருக்கக்கூடும். இங்கு எழுத்தே பின்பற்றப்படுகிறது. இரண்டாம் அசையிலுள்ள ககரத்தின் ஒலிப்பையும் மூச்சையும் நம் வரிவடிவம் காட்டாது என்பது நாம் அறிந்ததே.

1. கிழக்கின் பிரைட்டன்

பதினெட்டாம் நூற்றாண்டில் இப்பகுதி பீர்குல் என வழங்கியது. கொல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் இதனைத் தம் எழுத்துக்கூட்டலில் எழுதியபோது, ‘பீர்’ என்னும் மதுவின் பெயரும் ‘குளிர்ந்த’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லும் அடுத்தடுத்து நிற்பதுபோல் அமைந்துவிட்டது. சித்திரை வைகாசி வெயிலில் தவித்த கும்பினி ஊழியர்க்கு இத்தற்செயல் இனிமையாகவே இருந்திருக்க வேண்டும். வாரன் ஹேஸ்டிங்ஸுக்கு இங்கு ஒரு மாளிகை இருந்தது. கொல்கத்தாவில் 1780-இல் தொடங்கப்பட்ட ஹிக்கியின் இதழிலும் இக்கடற்கரை பேசப்பட்டது. பின்னர் அம்மாளிகையும் அது நின்ற நிலமும் கடலுக்குள் போயின. தமிழில் ‘கடல்கோள்’ என்னும் சொல் பெரும்பாலும் பழங்கதையோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. தீகாவில் அது ஆண்டுதோறும் நிகழும் நில அரிப்பு.

ஹேஸ்டிங்ஸ் தம் மனைவிக்கு 1780-இல் எழுதிய கடிதத்தில் இவ்விடத்தைக் ‘கிழக்கின் பிரைட்டன்’ எனப் புகழ்ந்ததாகச் சுற்றுலா வழிகாட்டிகள் தவறாது சொல்கின்றன. இத்தொடரை மொழிபெயர்ப்போர் சற்றே தயங்கி நிற்பது நல்லது. இன்று பிரைட்டன் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது அரச மாளிகையும் கடலுக்குள் நீளும் உலாமேடைகளும் இலண்டனிலிருந்து இரயிலில் வந்திறங்கும் கூட்டமும் ஆகும். 1780-இல் இவற்றுள் எதுவும் இல்லை. வேல்ஸ் இளவரசர் அவ்வூருக்கு முதன்முறையாக வந்தது 1783-இல். ஜான் நாஷ் அவருடைய மாளிகையை இன்றுள்ள வடிவுக்கு மாற்றியது 1815-க்குப் பின். இரயில் வந்தது 1841-இல். ஊரின் பெயரே முறைப்படியான ஆவணங்களில் ‘பிரைட்டெல்ம்ஸ்டன்’ என நீண்டு கிடந்தது. ‘பிரைட்டன்’ என்னும் குறுக்கம் பேச்சிலும் எழுத்திலும் பரவியிருந்தபோதிலும் 1810-இல்தான் அதிகாரப் பெயராயிற்று. அக்காலத்தில் அவ்வூரின் புகழ் மருத்துவப் புகழே. கடல்நீரில் முழுகுவதும் அந்நீரையே குடிப்பதும் கழலை நோய்களுக்கு மருந்து என ரிச்சர்ட் ரஸ்ஸல் என்னும் மருத்துவர் 1750-இல் இலத்தீனில் எழுதிய நூல் அப்புகழுக்கு அடிப்படை. ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஒருவர் பீர்குலைப் பிரைட்டனோடு ஒப்பிட்டிருப்பாராயின், அவர் கருதியது உல்லாசத்தை விட உடல்நலத்தையே எனக் கொள்வது பொருந்தும். அதே தொடரைச் சுற்றுலாத் துறையினர் திரும்பச் சொல்லும்போது உவமானம் முழுவதுமாக மாறிவிடுகிறது. சொல் மாறாமலே பொருள் மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இனி, இக்கரையைப் பற்றி வங்காளிகள் எழுதியதைக் காண்போம். பங்கிம் சந்திர சட்டோபாத்யாய 1860-இல் இக்காந்தி வட்டாரத்தில் துணை நீதிபதியாகப் பணியாற்றினார். 1866-இல் வெளிவந்த ‘கபாலகுண்டலா’ என்னும் அவருடைய புதினம் இக்கடற்கரை மணல்மேடுகளில்தான் தொடங்குகிறது. அதில் வரும் கடற்கரை எவரும் விரும்பிச் செல்லும் இடமன்று. படகு விட்டுச் சென்றதால் தனித்து நிற்கும் ஒருவன், நரபலியிட முயலும் காபாலிகன், காடு, மணல். அக்காலத்தில் இக்கரை உப்பு விளைந்த கரையுமாகும். ‘மலங்கி’ எனப்பட்ட உப்புத் தொழிலாளர், கும்பினியின் ஏகபோகத்தின் கீழ், ஹிஜ்லி முகவாண்மைக்காக இங்கு உப்புக் காய்ச்சினர். அத்தொழில் 19-ஆம் நூற்றாண்டிலேயே நின்றுபோயிற்று. 1930-இல் காந்தி வட்டாரத்துப் பிச்சாபனியில் உப்புச் சத்தியாகிரகம் எழுந்தபோது மக்களுக்கு உப்புக் காய்ச்சும் நினைவு புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டியதாக இருக்கவில்லை. நெய்தல் நிலத்தின் உரிப்பொருள் இரங்கல் என்று படித்த நமக்கு, ஒரு கடற்கரை ஒரே நேரத்தில் உப்பளமாகவும் அச்சத்தின் களமாகவும் பிறகு விளையாட்டிடமாகவும் இருப்பது வியப்பளிக்காது. 1942 அக்டோபர் 16 அன்று இவ்வட்டாரத்தைத் தாக்கிய புயலும் கடலெழுச்சியும் பல்லாயிரவரைக் கொன்றன. தீகாவின் சுற்றுலாக் கையேடுகளில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை.

‘தீகா’ என்னும் பெயரை வெளியுலகில் நிலைநிறுத்தியவர் ஜான் ஃபிராங்க் ஸ்நெய்த் என்னும் கொல்கத்தா வணிகர். 1923-இல் இங்குக் குடியேறிய அவர், தாம் கட்டிய வீட்டுக்கு ‘ரன்ஸ்விக்’ எனப் பெயரிட்டார். ரன்ஸ்விக் விரிகுடா யார்க்‌ஷயர் கடற்கரையில் உள்ள ஒரு சிற்றூர். விடுதலைக்குப் பின் மேற்கு வங்க முதலமைச்சராயிருந்த பிதான் சந்திர ராயை அணுகி, இங்கு ஒரு கடற்கரை நகரம் உருவாக வேண்டுமென வற்புறுத்தியவரும் அவரே. ஒரு பெயர் பிரைட்டனிலிருந்து, இன்னொன்று யார்க்‌ஷயரிலிருந்து. பெயர் வைத்தவர்கள் தாம் விட்டுவந்த கடலையே இங்கும் தேடினர்.

2. இரு மொழிக்கு நடுவே

தீகாவுக்கு மேற்கே சில கிலோமீட்டரில் ஒடிசா தொடங்குகிறது. உதய்பூர்க் கடற்கரையில் நடந்து செல்வோர் எந்த இடத்தில் மாநிலம் மாறினோம் என்பதைக் கடைப்பலகைகளின் எழுத்தைக் கொண்டே அறிய இயலும். பேச்சைக் கொண்டு அறிய இயலாது.

கிரியர்சனின் மொழி அளவாய்வு நூலின் ஐந்தாம் தொகுதி 1903-இல் வெளிவந்தது. அதன் முதற்பகுதியில் மிதுனபுரி மாவட்டத்தின் தென்மேற்கு வங்காளம் விளக்கப்படுகிறது. இரண்டாம் பகுதியில் அதே மாவட்டத்தின் தென்பகுதி ஒடியாவும் இடம்பெறுகிறது. ஒரே வட்டாரம் இரு பகுதிகளிலும் வருவதே நிலைமையை உணர்த்தப் போதுமானது. இங்குச் சிலர் ஒடியாவைப் பேசி அதனை வங்காள எழுத்தில் எழுதினர் என்பது இன்னும் சுவையான செய்தி. கொல்கத்தாவின் ‘ஆமி’ என்னும் தன்மை ஒருமைக்கு மாறாக இவ்வட்டாரப் பேச்சில் ‘முயி’ கேட்கிறது. ஒடியாவின் ‘மு’ என்னும் வடிவோடு இதன் உறவு வெளிப்படை. வங்காளம் சொல்லிறுதி அகரத்தை இழந்து ‘ஜோல்’ என நிற்குமிடத்தில் ஒடியா ‘ஜள’ என உயிரையும் ளகரத்தையும் காத்து நிற்கிறது. ளகர ணகரங்களை நாள்தோறும் ஒலிக்கும் தமிழர் செவிக்கு இவ்வேறுபாடு உடனே புலப்படும். கொல்கத்தா நண்பர்க்கு எடுத்துச் சொன்னால்தான் புலப்பட்டது.

இவ்வெல்லை இயல்பாக அமைந்ததன்று. 1870-இல் பாலசோர்ப் பள்ளியாசிரியர் காந்திசந்திர பட்டாசார்யா, ஒடியா தனிமொழியன்று என நிறுவ ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஒடிசாப் பள்ளிகளில் வங்காளமே கற்பிக்கப்பட வேண்டும் என்னும் கோரிக்கையின் பின்னணியில் எழுந்தது அந்நூல். அப்போது பாலசோர் ஆட்சியராயிருந்த ஜான் பீம்ஸ் அதனை மறுத்தார். இவரே 1872 முதல் வெளிவந்த இந்திய-ஆரிய மொழிகளின் ஒப்பிலக்கணத்தை இயற்றியவர். ஃபகீர் மோகன் சேனாபதி முதலியோர் முன்னின்ற இயக்கத்தால் ஒடியா பள்ளிகளில் நிலைபெற்றது. ‘கிளைமொழி’, ‘தனிமொழி’ என்னும் கலைச்சொற்களை நாம் இன்று வகுப்பறையில் அமைதியாகக் கையாள்கிறோம். ஆசிரியர்களின் வேலையும் பாடநூல் வணிகமும் அன்று அச்சொற்களைச் சார்ந்திருந்தன. பின்னர் ஒடியா மொழிவழி மாகாணம் அமைக்கும் பொருட்டு எல்லைகளை ஆராய்ந்த ஓ’டானல் குழு மிதுனபுரியின் பகுதிகளைப் பற்றியும் விசாரித்து, அவற்றை வங்காளத்திலேயே விட்டது. 1936 ஏப்ரல் 1 அன்று புதிய மாகாணம் உருவானபோது தீகா எல்லையின் இப்பால் நின்றது. அன்றிலிருந்து இவ்வூரார் பேச்சைக் கொல்கத்தாக்காரர் ‘ஒடியா கலந்தது’ என்கின்றனர். பாலசோர்க்காரர் ‘வங்காளம் கலந்தது’ என்கின்றனர். கலப்பதற்கு முன் இருந்த தூய வடிவம் எதுவென்று எவரும் சொல்வதில்லை. அப்படி ஒன்று இருந்திருக்கும் என்பதற்கு மொழியியல் காரணம் எதுவும் இல்லை.

3. விடுமுறைக்காரர் சொற்கள்

வங்காள நடுத்தர வகுப்பார் ஊர்ப்பயணம் போவதைக் குறிக்க முதலில் வழங்கிய தொடர் ‘ஹாவா பதல்’, அதாவது காற்று மாற்றம். மருத்துவர் சொற்படி மதுபூர், சிமுல்தலா முதலிய மேற்கத்திய வறண்ட ஊர்களுக்குச் சென்று சில வாரங்கள் தங்குவர். இதனையே ஆங்கிலச் சொல்லால் ‘சேஞ்ச்’ என்றும், அவ்வாறு வருவோரைச் ‘சேஞ்சார்’ என்றும் வழங்கினர். அவ்வூர்ச் சந்தைகளில் கோழியும் முட்டையும் விலை மலிவாக இருப்பது கண்டு வியந்து அவர்கள் ஆங்கிலத்தில் ‘டேம் சீப்’ என்று கூவியதால், உள்ளூரார் அவர்களை ‘டேஞ்சி பாபு’ என அழைத்தனர் என்பது வங்காளத்தில் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். சொற்பிறப்பு விளக்கங்களில் கதைச்சுவை மிக்கவற்றை ஐயுறுவது நம் தொழில் ஒழுக்கம். எனினும், வந்தவர்க்கு இருந்தவர் பெயர் வைத்த அரிய நிகழ்ச்சி என்னும் வகையில் இது நினைவிற்கொள்ளத் தக்கது.

கடல் இப்பயணத்துக்குள் வந்தது புரியின் வழியாக. 1897-இல் இருப்புப்பாதை புரியை எட்டியபின், தலயாத்திரையும் காற்று மாற்றமும் ஒரே பயணச்சீட்டில் அடங்கின. தீகா அதற்கு அடுத்த தலைமுறையின் ஊர். பெரிய செலவுக்கு வழியற்ற குடும்பங்கள் திரும்பத் திரும்பச் செல்லும் மூன்று இடங்களின் முதலசைகளைச் சேர்த்து வங்காளிகள் ‘தீபுதா’ என்கின்றனர்: தீகா, புரி, தார்ஜீலிங். வங்காளத்தில் ‘தா’ என்பது அண்ணனைக் குறிக்கும் விகுதி. ‘தீபு’ ஆண்பிள்ளைகளின் செல்லப்பெயர். ஆகவே மூன்று ஊர்களும் சேர்ந்து அடுத்த வீட்டுத் தீபு அண்ணனாகிவிடுகின்றன. இதில் பரிவும் உண்டு, வேறெங்கும் போக முடியவில்லையே என்னும் கேலியும் உண்டு. தமிழில் பெயர்ப்பது எளிதன்று. அண்ணனைக் காப்பாற்றினால் ஊர்கள் போய்விடும். ஊர்களைக் காப்பாற்றினால் அண்ணன் போய்விடுவார்.

தீகாவில் ஆங்கிலக் கடன்சொற்கள் பெற்றுள்ள பொருள்களைக் கவனித்தல் வேண்டும். ‘ஹாலிடே ஹோம்’ என்பது ஆங்கில நாட்டில் செல்வர் வைத்திருக்கும் இரண்டாவது வீடு. இங்கு அது வங்கி, அரசு அலுவலகம், தொழிற்சங்கம் ஆகியவை தம் ஊழியர்க்காக நடத்தும் தங்குமிடம். அறையோடு சமையலுக்கு ஓரிடமும் பாத்திரங்களும் இருக்கும்; சந்தையில் மீன் வாங்கிவந்து குடும்பமே சமைத்து உண்ணும். ‘விடுமுறை இல்லம்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இவ்வுலகம் தெரியாது போகும். ‘ஹோட்டல்’ தமிழ் ‘ஓட்டல்’ போலவே முதலில் உணவுக்கடை. எனவே ‘பாத்தேர் ஹோட்டல்’ என்னும் பலகையைச் ‘சோற்றுக் கடை’ எனலாம். ‘வேன்’ என்பது மூன்று சக்கரத்தின் மேல் பலகை பொருத்திய வண்டி. சென்னை மொழிபெயர்ப்பாளர் கூச்சமின்றி ‘மீன்பாடி வண்டி’ என்றே எழுதலாம்.

அலையில் இறங்குவோரைக் காப்பவர்க்கு இங்கு ‘நுலியா’ எனப் பெயர். இச்சொல் புரியிலிருந்தும் கஞ்சம் கரையிலிருந்தும் வந்தது. அங்கே நோலியா எனப்படுவோர் தெலுங்கு பேசும் மீனவர். புரியில் வெள்ளைக் கூம்புத் தொப்பியணிந்து யாத்திரிகரைக் கைப்பிடித்துக் கடலாட்டுபவர் இவர்களே. ஓர் இனத்தின் பெயர் தொழிற்பெயராகி, அவ்வினத்தார் அல்லாதாரையும் குறிக்கும் நிலையைத் தீகாவில் அடைந்துள்ளது. இவ்வூர்க் கரையில் சவுக்குத் தோப்புக்கு வழங்கும் ‘ஜாவு’ என்னும் சொல்லும் இவ்வாறே இடம்பெயர்ந்தது. வெளிநாட்டு மரமாகிய சவுக்கு வருமுன் அச்சொல் ஆற்றங்கரைகளில் வளரும் வேறொரு செடியைக் குறித்தது. இலையின் தோற்ற ஒப்புமையால் புதிய மரம் பழைய பெயரைப் பெற்றது.

இரயில் நிலையத்தின் பெயரையும் சொல்லிவிட வேண்டும். தம்லுக்கிலிருந்து வரும் பாதை 2004-இல் தீகாவை எட்டியது. நிலையத்தின் பெயர் ‘தீகா ஃபிளாக் ஸ்டேஷன்’. கொடி காட்டினால் மட்டும் வண்டி நிற்கும் சிறு நிலையத்தைக் குறிக்கும் இருப்புப்பாதைக் கலைச்சொல், விரைவு வண்டிகள் பல வந்து நிற்கும் இடத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

4. தாம் என்னும் சொல்

2025 ஏப்ரல் 30 அன்று, அட்சய திருதியை நாளில், தீகாவில் புதிதாகக் கட்டப்பட்ட ஜகந்நாதர் கோயில் திறக்கப்பட்டது. புரிக்கோயிலை முன்மாதிரியாகக் கொண்டு மேற்கு வங்க அரசு எழுப்பிய கோயில் அது. அதனை ‘ஜகந்நாத் தாம்’ என அழைத்ததை ஒடிசாவில் பலர் எதிர்த்தனர். அடுத்த மாதம் ஒடிசா முதலமைச்சர் அப்பெயரைத் தவிர்க்குமாறு வங்க முதலமைச்சருக்குக் கடிதமும் எழுதினார். ‘தாம்’ எதனைக் குறிக்கும் என்பதே வழக்கு.

வடமொழித் ‘தாமன்’ உறைவிடம், ஒளி என்னும் பொருள்களையுடையது. ‘பரந்தாமன்’ என்னும் பெயரில் தமிழரும் இதனை அறிவர். ஒடிசாவில் இச்சொல் பத்ரிநாத், துவாரகை, புரி, இராமேசுவரம் என்னும் நான்கு தாம்களை முன்னிட்டே புரிந்துகொள்ளப்படுகிறது. திசைக்கொன்றாக எண்ணி முடிக்கப்பட்ட தொகுதி அது. ஐந்தாவதற்கு அங்கு இடமில்லை. வங்காள வைணவ வழக்கிலோ ‘தாம்’ புனிதமான ஊர் எதற்கும் பொருந்தும். சைதன்யர் பிறந்த நவத்வீபத்தின் இரயில் நிலையமே ‘நவத்வீப் தாம்’ எனப் பெயர் பெற்றது. ஒரே சொல் ஒரு மொழியில் சிறப்புப் பெயரின் பகுதியாகவும் மற்றொன்றில் பொதுப்பெயராகவும் நிற்கிறது. இரு தரப்பினரும் தத்தம் மொழியில் பிழையின்றியே பேசினர்; ஆயினும் பிணக்கு மொழியோடு நின்றதாகச் சொல்லிவிட முடியாது. யாத்திரிகர் எங்குச் செல்வர் என்பது வருவாய் பற்றிய வினாவும் ஆகும். 1870-இல் பாடநூல் எனின் 2025-இல் யாத்திரை.

இதில் தமிழர் நடுநிலையோடு தீர்ப்புக் கூற அவசரப்பட வேண்டியதில்லை. ‘தலம்’ என்னும் சொல்லைத் தலபுராணத்திலிருந்தும் பாடல் பெற்ற தலங்களிலிருந்தும் எடுத்துச் ‘சுற்றுலாத் தலம்’ எனப் படகுத்துறைக்கும் பூங்காவுக்கும் வழங்கினோம். எவரும் வழக்கிடவில்லை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் புகார் நகரத்தார் விழாவின் முடிவில் கடற்கரைக்குச் செல்வது நீராடலுக்கா, விளையாட்டுக்கா எனப் பிரித்துக் கேட்பதும் பொருந்தாது. ‘கடலாடல்’ இரண்டையும் தாங்கிய சொல்.

கோயிலைப் பார்த்துவிட்டு வந்த மாலையில், பழைய தீகாவின் கடற்சுவரோரம் தேநீர் விற்ற ஒரு மூதாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தோம். 2021 மே மாதம் யாஸ் புயலின்போது கடல் சுவரைத் தாண்டி வந்ததைப் பற்றி அவரே பேச்சைத் தொடங்கினார். கோயிலை அவர் ‘நதுன் மந்திர்’, புதுக்கோயில், என்றே குறிப்பிட்டார். எங்களிடம் பேசியது கொல்கத்தா வங்காளம். சற்று முயன்று பேசுவது தெரிந்தது. அருகில் நின்ற பேரனிடம் அவர் பேசியது வேறு. வினைமுற்றுகள் பாதி எனக்குப் பிடிபடவில்லை. என் மகள் நீட்டிய பிஸ்கட்டைக் கண்டு அச்சிறுவன் தனக்கு வேண்டுமெனச் சொன்னபோது ‘முயி’ என்று தொடங்கினான். மூதாட்டி அவன் தோளைத் தட்டி, விருந்தாளிகள் முன் ‘ஆமி’ என்று சொல் என்றார். எங்களைப் பார்த்து, பிள்ளைக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்று சிரித்துக்கொண்டார். அவனுக்கு ஐந்து வயதிருக்கும்; பேச்சு நன்றாகவே வந்தது.

இவ்வட்டாரப் பேச்சைப் பதிவுசெய்ய முற்படும் ஆய்வாளர் கடற்கரைக் கடைகளை நம்புதல் கூடாது. அங்கு நமக்குக் கிடைப்பது நமக்காகத் திருத்தப்பட்ட மொழி. ‘கட்டி’ எனப்படும் மீன் உலர்த்தும் களங்கள் கரை நெடுகிலும் உள்ளன. மழைக்காலம் முடிந்ததும் அங்கே குடும்பங்கள் வந்து தங்கி, பெண்கள் நாள் முழுதும் மீன் பிரித்துக்கொண்டே பேசுகின்றனர். தொடங்க வேண்டிய இடம் அதுவே, பருவமும் அதுவே.